நாலணாவும் சிக்ஸ்பென்ஸும்

அம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதிலிருப்பது எந்தச் சாமிக்கு முடிந்துவைத்த காசு என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. போன பொங்கலுக்கு அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று அதைத் தரையில் கவிழ்த்தேன். பத்து பைசா, இருபது பைசா, ஓரம் நெளிந்த அலுமினியக் காசுகள், நடுவே பதினோரு நாலணா. நாலணாவை மட்டும் பொறுக்கி இரண்டு கூறாக்கினேன். காண்டாமிருகம் போட்ட எஃகுக் காசு ஒரு பக்கம். அதற்கு முந்தைய செம்பு–நிக்கல் காசு, விளிம்பில் பல்வரி ஓடுவது, இன்னொரு பக்கம். இரண்டாவது கூறில் நான்கு தேறியது.

"செல்லாத காசுடா. அத வெச்சு என்ன பண்ணப்போற?"

"கிட்டார் வாசிக்கப்போறேன்மா."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. என் கிட்டார் விஷயத்தில் எதையும் மேற்கொண்டு கேட்பதில்லை என்பது அவள் இருபத்தைந்து வருஷமாகக் காத்துவரும் விரதம்.

குவீன் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே, கம்பியை மீட்டுவதற்கான பிளாஸ்டிக் சில்லான பிக்கால் வாசிப்பதில்லை, சிக்ஸ்பென்ஸ் காசால் வாசிக்கிறார் என்பது ராக் கேட்கிற பலருக்கும் தெரியும். சிக்ஸ்பென்ஸ் என்பது பிரிட்டனின் பழைய ஆறு பென்னிக் காசு. விட்டம் 19 மில்லிமீட்டர் சொச்சம், எடை 2.83 கிராம், விளிம்பில் பல்வரி. நம் பழைய நாலணாவும் 19 மில்லிமீட்டர்தான், எடையில் மட்டும் இம்மி குறைவு. இரண்டுக்கும் சாவும் ஒரே மாதத்தில்: அது 1980 ஜூன் கடைசியோடு செல்லாமல் போனது, இது 2011 ஜூன் கடைசியோடு. இந்தப் பொருத்தத்தை நான் கண்டுபிடித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

காசால் வாசித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிளாஸ்டிக் பிக் வளையும். கம்பியைத் தொடும்போது முதலில் பிக் வளைகிறது, அப்புறம்தான் கம்பி நகர்கிறது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தரகர் உட்கார்ந்திருப்பது போல. காசு வளையாது. கம்பி கொடுக்கிற எதிர்ப்பு முழுவதும் நேராக விரல் நுனிக்கு வந்துவிடும். பிடி இளகலாக இருந்தால் மெதுவான தொடக்கம், இறுக்கினால் வெட்டு. காசைக் கம்பிக்கு இணையாகத் தட்டையாகப் பிடித்தால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு வரும். கொஞ்சம் சாய்த்தால் பல்வரி கம்பியின் மேல் உரசி, ஸ்வரத்துக்கு முன்னால் 'க்ர்' என்று ஒரு மெய்யெழுத்து ஒட்டிக்கொள்ளும். மேயின் கிட்டார் பாடுவதுபோல இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது பேசுவதுபோல இருக்கிறது. உயிரெழுத்தை எந்த கிட்டாரும் நீட்டும். மெய்யெழுத்து இந்தக் காசு விளிம்பில்தான் பிறக்கிறது.

காண்டாமிருக நாலணாவில் இந்த வித்தை நடக்கவில்லை. எஃகுக் கம்பியை எஃகால் தேய்த்தால் எழுவது வேறு சத்தம், கத்தி சாணை பிடிப்பவர் தெருவில் வந்ததுபோல. செம்பு–நிக்கல் மென்மையானது, கம்பிக்குப் பதிலாகத் தானே தேய்ந்துகொள்ளும். 1990களின் தொடக்கத்தில் பிரையன் மே தனியாகச் சுற்றுப்பயணம் போனபோது அவர் தலையையே பொறித்த சிக்ஸ்பென்ஸ்கள் அடிக்கப்பட்டன. என் சொம்பில் இருந்தவை நாலே நாலு.

ஆனால் நான் எழுத வந்தது காசைப் பற்றி மட்டும் இல்லை. ஒரு பழைய தோல்வியும் இதில் இருக்கிறது.

கல்லூரிக் கடைசி வருஷம் ஆண்டுவிழா மேடையில் எங்கள் குழு மூன்று பாட்டு வாசித்தது. என் காலடியில், மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் ஐந்து பெடல்கள்: டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, வா, இன்னொன்று எதற்கென்று எனக்கே தெரியாதது. ஐந்துக்கும் சேர்த்து ஒரே அடாப்டர். ஒத்திகையில் பிரமாதமாக இருந்தது. மேடையில் சவுண்டு செட்காரர் வந்து, "தம்பி, உங்க பொட்டியக் கொறைங்க, நான் மைக்ல ஏத்தித் தர்றேன்" என்றார். குறைத்தேன். டிஸ்டார்ஷன் பெடல் குடுவைக்குள் மாட்டிய குளவி மாதிரி ரீங்கரித்தது. இரண்டாவது பாட்டின் நடுவே அடாப்டர் ஒயரை யாரோ மிதிக்க, ஐந்து பெடலும் ஒன்றாக அணைந்து, கிட்டாரும் ஊமையாகிவிட்டது. நான் தொடர்ந்து வாசிப்பதுபோல நடித்தேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பது அந்த ராத்திரியின் பெரிய அடி.

அன்றைக்கு எனக்குப் புரியாமல் போனதைப் பிரையன் மேயின் ஏற்பாட்டைக் கூர்ந்து பார்த்தபோதுதான், ரொம்ப வருஷம் கழித்து, விளங்கிக்கொண்டேன். ஆதியிலிருந்து சொல்கிறேன்.

1963இல் லண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்கிற ஊரில் பதினாறு வயதுப் பையனுக்கு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்க ஆசை. வீட்டில் காசு இல்லை. அப்பா ஹெரால்ட் மே மின்னணு தெரிந்தவர், வீட்டுக்கான தொலைக்காட்சிப் பெட்டியையே தானாகச் செய்தவர். அப்பாவும் மகனும் வீட்டு அறையொன்றில் கைக்கருவிகளோடு உட்கார்ந்து ஒரு கிட்டாரைச் செய்ய ஆரம்பித்தார்கள். சுமார் இரண்டு வருஷம் ஆனது.

என்னென்ன போட்டார்கள் என்று பார்த்தால் காயலான் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும். கழுத்துக்கு, யாரோ தூக்கிப்போட இருந்த பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மஹோகனி மரம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடம்புக்குப் பழைய மேசையின் ஓக் மரமும் ஒட்டுப்பலகையும், மேலே மஹோகனித் தோல். ஃப்ரெட் பலகையில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பி பொத்தான்கள். கம்பியைத் தளர்த்தி இறுக்கும் ட்ரெமலோவுக்கு 1928ஆம் வருஷத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அதை ஆட்டும் கைப்பிடி சைக்கிள் பை தாங்கியின் கம்பி, அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வெட்டிய குமிழ். செலவு சுமார் 8 பவுண்டு என்று மே சொல்வார்.

இந்தக் கதையைப் 'பாவம், ஏழைப் பையன்' என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ட்ரெமலோவைப் பாருங்கள். அன்றைய கடை கிட்டார்களில் ட்ரெமலோவை ஆட்டினால் சுருதி கலையும். எங்கெல்லாம் உராய்வு இருக்கிறதோ அங்கெல்லாம் கம்பி சிக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பாது. அப்பாவும் மகனும் உராய்வை ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிடித்து ஒழித்தார்கள். ட்ரெமலோத் தகடு கத்தி முனை போன்ற விளிம்பில் தராசு மாதிரி நிற்கிறது. கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் அவை சின்ன உருளைகள் மேல் ஓடுகின்றன. இதெல்லாம் காசில்லாதவன் செய்கிற ஒப்பேற்றல் இல்லை. பிற்பாடு இயற்பியல் படித்து, இசைக்காகப் பாதியில் விட்ட வானியல் முனைவர் பட்டத்தை 2007இல் முடித்த மனிதரின் முதல் ஆய்வுக்கூடம் அது.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் முதலில் தாங்களே செய்தார்கள். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஏற்றும்போது சத்தம் கரகரவென்று சீரில்லாமல் வந்தது. காந்தங்களின் துருவ அமைப்பு அப்படி. அதை விட்டுவிட்டு பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சோனிக் பிக்கப்புகள் மூன்றை வாங்கிப் பொருத்தினார்கள். அவற்றை இணைத்த விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரணமாக கிட்டாரில் இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்தால் அவை பக்க இணைப்பில் ஓடும். இதில் டார்ச் லைட் பாட்டரிபோல ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கின்றன. இரண்டைப் போட்டால் குரல் தடிக்கும், பலமும் கூடும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு நகர்த்து சுவிட்சுகள்: ஒன்று அதை உயிர்ப்பிக்க, மற்றது அதன் அலையைத் தலைகீழாக்க. ஒன்றைத் தலைகீழாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மீந்த மேல் ஒலிகள் மட்டும் மூக்கால் அழுவதுபோலக் கிளம்பும். அப்புறம் மொத்தத்துக்கும் ஒரே வால்யூம் குமிழ், ஒரே டோன் குமிழ். இந்த வால்யூம் குமிழை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

ரெட் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற அந்த கிட்டாரைத்தான் அவர் இன்றைக்கும் மேடையில் வாசிக்கிறார். கோடிகள் வந்தபிறகும் மாற்றவில்லை. நகல்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஃப்ரையர் அதே அளவில் மூன்று செய்தார்; 1998இல் மூலக் கருவியைச் செப்பனிட்டதும் அவர்தான். மூலத்தில் கம்பி அறுந்தால் கையில் நகல் வரும், அந்தப் பாட்டு முடிந்ததும் மூலம் திரும்பிவிடும்.

கிட்டார் ஆயிற்று. சத்தம் எங்கிருந்து வந்தது?

1960களின் இறுதி. லண்டன் மார்க்கீ கிளப்பில் டேஸ்ட் என்கிற குழு வாசிக்கிறது. கிட்டார் அயர்லாந்தின் ரோரி கேலகர். நிகழ்ச்சி முடிந்தபிறகும் மாணவரான மே கிளம்பாமல் காத்திருந்து, அவரிடம் போய், "இந்தச் சத்தம் எப்படி வருகிறது?" என்று கேட்டுவிட்டார். கேலகர் பொறுமையாகச் சொன்னார்: வாக்ஸ் ஏசி30 ஆம்ப் (சத்தம் பெருக்கும் பெட்டி), அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்கிற ட்ரெபிள் பூஸ்டர், அவ்வளவுதான். மே பழைய ஏசி30கள் இரண்டை வாங்கித் தன் கிட்டாரைச் சொருகினார். தான் தேடிய குரல் அங்கேயே இருந்தது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராக உருப்படியை வேண்டுமானால் சொல்லிக்கொடுப்போம், தொழில் ரகசியத்தை யாரும் சொல்லமாட்டோம். கேலகர் 1995இல் இறந்தார். மே இன்றுவரை போகிற இடமெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏசி30 பெரிய பெட்டி இல்லை. பெயரில் இருக்கிற 30தான் அதன் வாட், ஏறக்குறைய. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. பின்பக்கம் திறந்திருக்கும். உள்ளே ஈஎல்84 என்கிற சிறிய வால்வுகள் (பழைய வானொலியில் இருந்த மாதிரி வெற்றிடக் குழாய்கள்) நான்கு. வெளிவரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொள்கிற ஏற்பாடு பல ஆம்ப்களில் உண்டு. இதில் கிடையாது. அதனால் என்ன ஆகிறது? திருத்திக்கொள்கிற ஆம்ப் கடைசிவரை சுத்தமாக வாசித்துவிட்டு, தாங்க முடியாத இடத்தில் சட்டென்று உடையும். ஏசி30 முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாக இளகத் தொடங்கும். அலையின் உச்சி முதலில் மழுங்கும், பிறகு தட்டையாகும், புதிய மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். சுத்தத்துக்கும் கரகரப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, சரிவு இருக்கிறது.

மே இந்த ஆம்ப்பின் நார்மல் சானலில் வால்யூமை முழுசாகத் திறந்து வைத்துவிடுவார். முழுசாக என்றால் முழுசாக. கச்சேரி முழுக்க அப்படியே இருக்கும்.

நடுவில் அந்த ட்ரெபிள் பூஸ்டர். கேலகரின் ரேஞ்ச்மாஸ்டரில் இருந்தது ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஓசி44. மேக்குப் பிற்பாடு பீட் கார்னிஷ் போன்றவர்கள் தனியாகச் செய்துகொடுத்தார்கள். அதன் வேலை இரண்டு: சத்தத்தின் கீழ்ப்பகுதியை வடிகட்டுவது, மிச்சத்தைத் தூக்கி ஆம்ப்பின் மேல் எறிவது. கீழ் ஒலியில்தான் அலை பெரிது. அதை அப்படியே விட்டால் ஆம்ப்பின் பலமெல்லாம் அதைச் சுமப்பதிலேயே போய், சத்தம் நனைந்த சாக்குபோல ஆகிவிடும். வடிகட்டி அனுப்பினால், உடைகிற ஆம்ப்பிலும் ஒரு கார்டில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கும். கேட்டவர் எல்லோரும் இந்தச் சத்தத்தை 'கனம்' என்கிறார்கள். கனத்தை வெட்டி எறிந்ததால் வந்த கனம் அது.

இப்போது வால்யூம் குமிழுக்கு வருவோம். ஆம்ப் முழுசாகத் திறந்திருக்கிறது. பூஸ்டர் எப்போதும் எரிகிறது. காலடியில் சத்தம் மாற்றும் பெடல் பெரிதாக இல்லை. அப்படியானால் மெல்லிய இடத்துக்கு என்ன செய்கிறார்? கிட்டாரில் இருக்கிற குமிழைச் சுண்டுவிரலால் குறைக்கிறார், அவ்வளவுதான். குறைத்தால் ஆம்ப் சரிவில் கீழே இறங்கிக் கண்ணாடி மணிபோலச் சுத்தமாகிறது. கொஞ்சம் கூட்டினால் கார்டுக்கு மணல் ஏறுகிறது. முழுசாகத் திறந்தால் ஒற்றை ஸ்வரம் நாதஸ்வரம் மாதிரி நின்று இழுக்கிறது. குமிழைத் தொடாமல் காசின் அழுத்தத்தை மட்டும் மாற்றினாலும் இதே சரிவில் ஏறி இறங்கலாம். இன்னும் திறந்து வைத்து ஆம்ப்பைப் பார்த்துத் திரும்பி நின்றால், ஸ்பீக்கரின் அதிர்வு அந்தப் பாதி உள்ளீடற்ற மரத்துக்குள் புகுந்து கம்பியை மறுபடி ஆட்ட, ஸ்வரம் முடிவில்லாமல் நீளும். அதற்காகவே செய்த மரம் அது.

அன்று என் பெடல்கள் அத்தனையும் 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டும் சொல்பவை. மிதித்தால் கரகரப்பு, மறுபடி மிதித்தால் சுத்தம். நடுவே எதுவும் இல்லை. என் விரல் எப்படித் தொட்டாலும் பெடல் ஒரே பதிலைத்தான் சொன்னது. பத்து வாட்டில் முடிக்க வேண்டிய காரியத்தை மே முப்பது வாட்டில் கத்தவிட்டார் என்று சவுண்டுக்காரர்கள் சொல்லலாம். கத்துகிற பெட்டியைச் சுண்டுவிரலால் கிசுகிசுக்க வைத்தார் என்று நான் சொல்வேன். சவுண்டு செட்காரர் என் பெட்டியைக் குறைக்கச் சொன்னது சரிதான், அவருக்கு அவர் வேலை. தப்பு என் பேரில். குறைத்தபிறகு கையில் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

ஸ்டுடியோவில் இதே மனிதர் வேறு ஆள். ஒரு கிட்டாரின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கி வாத்தியக்குழுவையே கட்டிவிடுவார். சிந்தசைசர் இல்லை என்று குவீன் தங்கள் ஆரம்பகால ஆல்பங்களில் அச்சடித்தே போட்டார்கள், கேட்பவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால். 1975 ஆல்பத்தில் ஒரு பாட்டில் பழைய ஜாஸ் குழுவின் ட்ரம்பெட், கிளாரினெட் எல்லாம் கேட்கும். எல்லாமே கிட்டார். அதற்கு உதவியது பேஸ் வாசிக்கும் ஜான் டீக்கன் 1972இல் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த ஒரு சர்க்யூட் போர்டு. அதை ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் போட்டு, ஒன்பது வோல்ட் பாட்டரியில் சின்ன ஆம்ப்பாக ஓட விட்டார். டீக்கனும் மின்னணுப் பட்டதாரிதான். இந்தக் குழுவில் குப்பையைப் பார்த்தால் யாராலும் சும்மா போக முடியாதுபோல.

மேடைக்கு வந்தால் கிட்டார் ஒன்றுதான். பத்து கிட்டார் அடுக்கியதை ஒருவர் எப்படி வாசிப்பது? சிலவற்றுக்கு அவர்கள் முயலவே இல்லை. 'பொஹீமியன் ராப்ஸடி'யின் நடுவே வரும் ஓபராப் பகுதிக்கு, மேடை விளக்கை மாற்றி, நான்கு பேரும் உள்ளே போய்விடுவார்கள். டேப் ஓடும். ராக் பகுதி வரும்போது ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். வாயசைத்து ஏமாற்றுவதற்கு அது எவ்வளவோ மேல். நடித்து அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

மற்றதற்கு மே கண்ட வழி எதிரொலி. எக்கோப்ளெக்ஸ் என்பது ஒரு சின்ன டேப் ரெக்கார்டர்தான். வாசித்ததைச் சுழலும் நாடாவில் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு முனையில் திருப்பி வாசிக்கும். பதியும் முனைக்கும் வாசிக்கும் முனைக்கும் இடைவெளி எவ்வளவோ, எதிரொலி அவ்வளவு தாமதம். கடையில் கிடைத்ததன் இடைவெளி அவருக்குப் போதவில்லை, முனை நகரும் தண்டை நீளமாகச் செய்துகொண்டார். அப்படி இரண்டு. ஒரு வரி வாசித்துவிட்டு, அது திரும்பி வரும்போது அதற்கு இசைவான இரண்டாவது வரியை மேலே வாசிப்பார். இரண்டும் சேர்ந்து மறுபடி வரும்போது மூன்றாவது. 1974இல் வந்த 'பிரைட்டன் ராக்' பாட்டின் தனி வாசிப்பு மேடையில் இப்படித்தான் வளர்ந்தது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுவார் இல்லையா, இங்கே தனக்குத் தானே பின்பாட்டு. சில இரவுகளில் அதை நீட்டி முழக்கியும் இருக்கிறார். உண்மையைச் சொன்னால், பழைய கச்சேரிப் பதிவுகளில் ஆறாவது நிமிஷத்துக்குப் பிறகு நானே டீ போடப் போயிருக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அவர் அதைத் தீர்த்த விதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. உடைகிற ஆம்ப்பில் இரண்டு ஸ்வரங்களை ஒன்றாக விட்டால், அவை இரண்டும் மட்டும் வெளியே வராது. அவற்றின் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து வரும். நொடிக்கு 440 அதிர்வுள்ள ஸ்வரம் ஒன்று, அதற்குத் தோதான 554 இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆம்ப்பில் கரகரக்க விட்டால் அடியில் 114 என்று மூன்றாவதாக ஒன்று உறுமும். இரண்டு ஸ்தாயி கீழே இருக்கவேண்டிய 110ம் அது இல்லை, அதற்கு அடுத்த அரை ஸ்வரமான 116.5ம் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அபஸ்வரம். மூன்று வரி ஒன்றாக ஓடினால் எத்தனை அபஸ்வரம் பிறக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் மே எதிரொலியை அதே ஆம்ப்புக்குத் திருப்பவில்லை. நேராக வாசிப்பது ஒரு ஏசி30க்கு. முதல் எதிரொலி இன்னொரு ஏசி30க்கு, இரண்டாவது மூன்றாவதற்கு. ஒவ்வொரு ஆம்ப்பும் ஒரு குரலை மட்டும் உடைக்கிறது. மூன்று குரலும் காற்றில்தான் ஒன்று சேர்கின்றன. காற்று எதையும் உடைக்காது. மேடையில் அந்த ஆம்ப்களை மூன்று மூன்றாக ஒன்பதுவரை அடுக்கி வைத்திருப்பார்கள். படத்தில் பார்ப்பவர்களுக்கு அது ராக் நட்சத்திரத்தின் ஜம்பமாகத் தெரியும். கழித்தல் கணக்கு தெரிந்தவனுக்கு அது அவசியம். தவிர, முழு வால்யூமில் ராத்திரிதோறும் வாட்டப்படுகிற வால்வுகள் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும். பக்கத்தில் மாற்று ஆள் நிற்கவேண்டும்.

2002 ஜூன் 3. எலிசபெத் அரசியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் கச்சேரி. தேசிய கீதத்தை வாசிக்க மே நின்றது மேடையில் இல்லை, அரண்மனைக் கூரையில். நீளமான கோட்டு, சுருட்டை முடி காற்றில் பறக்கிறது. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. உலகமே அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் சுண்டுவிரலைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த உயரத்திலும் அவர் கையில் இருந்தது கணப்படுப்புச் சட்டமும் தையல் பெட்டிப் பொத்தானும்தான்.

சரி, நாலணாவுக்கு வருகிறேன். என் அடுக்குமாடி வீட்டில் ஆம்ப்பைத் திறக்க வழியில்லை. ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதிவரை திறந்ததற்கே கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்து, "என்ன சார், வீட்ல விசேஷமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அதனால் ஒத்திகை அறை ஒன்றில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினேன். அங்கே ஏசி30 கிடையாது, வால்வு போட்ட வேறொரு சின்ன ஆம்ப் இருந்தது. கிட்டார் என்னுடையது. பூஸ்டர், இணையத்தில் கிடைத்த வரைபடத்தைப் பார்த்து நானே பற்றவைத்தது, சோப்பு டப்பாவுக்குள். முதல் இருபது நிமிஷம் அது வானொலி பிடித்தது. ஏதோ ஒரு பண்பலையில் அறுவடை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது. டப்பாவைத் திறந்து, ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

ஆம்ப்பை முழுசாகத் திறந்தேன். கிட்டார் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, நாலணாவை எடுத்து, குமிழை மெதுவாகக் கூட்டினேன். மூன்றுவரை மணி. ஐந்தில் லேசாக மணல். ஏழுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு இடத்தில், அழுத்தாமல் தொட்டால் சுத்தமாகவும் அழுத்தினால் கரகரப்பாகவும் ஒரே ஸ்வரம் இரண்டு விதமாகப் பேசியது. அந்த இடத்தை விட்டுக் குமிழை நகர்த்த மனசு வரவில்லை. காசைச் சாய்த்தேன். 'க்ர்'. வந்தது. மேயின் சத்தம் இல்லை, பக்கத்து ஊர்ச் சத்தம்கூட இல்லை. ஆனால் என் கை என்ன செய்கிறதோ அதற்குப் பெட்டி பதில் சொன்னது. நேரம் போனது தெரியவில்லை. ஒரே கார்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கதவைத் தட்டினார்கள். அடுத்த குழு வெளியே நின்றது, நான்கு பையன்கள், தோளில் ஆளுக்கொரு பெடல் பெட்டி. ஆம்ப்பை அணைத்து, ஒயரைச் சுருட்டி, சோப்பு டப்பாவைப் பைக்குள் போட்டு வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அறையைப் பார்த்துக்கொள்கிற பையன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அண்ணா, ஆம்ப் மேல காசு விட்டுட்டீங்க."

உள்ளங்கையில் நாலணா. வாங்கிக்கொண்டேன். அவன் போகவில்லை, ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"அது செல்லாதுண்ணா."